ஒதுக்கீடு யாரைச் சென்றடைகிறது? பாலின வரவு செலவுத் திட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

பொது நிதி குறித்த இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. அரசின் வரவு செலவுத் திட்டத்தைப் பெண்–ஆண் சமத்துவத்தை நோக்கித் திருப்புவது எப்படி, அதை அலுவலக நடைமுறையில் கொண்டுவருவது எப்படி என்று மாணவர்கள், அரசு ஊழியர்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். நிதித் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எனக்கு மிக நெருக்கமான பொருள் இது என்பதால், இம்முறை பிற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு இதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பாலின வரவு செலவுத் திட்டம் என்றால் பெண்களுக்கெனத் தனியாக ஒரு பட்ஜெட் போடுவதா? எங்கள் பாடநூல் இதை இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறது.
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: தனி பட்ஜெட் அன்று. பெயரைக் கேட்டவுடன் அப்படித்தான் தோன்றும். அமைச்சர்கள் சிலரும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அரசு வசூலிக்கும் ஒவ்வொரு வரியும், செய்யும் ஒவ்வொரு செலவும் பெண்கள், ஆண்கள், திருநர் ஆகியோரின் வாழ்க்கையில் ஒரே மாதிரியான விளைவை உண்டாக்குவதில்லை. அந்த வேறுபாட்டை முன்கூட்டியே ஆராய்ந்து, ஏற்றத்தாழ்வு குறையும் வகையில் ஒதுக்கீட்டையும், அதைவிட முக்கியமாகச் செலவழிக்கும் முறையையும் திருத்தி அமைப்பதற்குத்தான் இந்தப் பெயர்.

இதை முதன்முதலில் அரசு நடைமுறையாக்கிய நாடு ஆஸ்திரேலியா. அங்கே 1984 ஆம் ஆண்டில் கூட்டாட்சி அரசு, துறைகள் தங்கள் செலவினங்கள் பெண்களை எவ்வாறு பாதிக்கின்றன என்று பட்ஜெட்டோடு சேர்த்து அறிக்கை அளிக்கும் வழக்கத்தைத் தொடங்கியது. அந்நாட்டுப் பொருளியலாளர் ரோண்டா ஷார்ப் அரசின் செலவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: பெண்களுக்கென்றே செய்யப்படும் செலவு, அரசுப் பணியில் சம வாய்ப்பை உருவாக்கச் செய்யப்படும் செலவு, மற்ற எல்லாப் பொதுச் செலவும். தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் கணக்குகளை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, முதலிரண்டு வகைகளும் சேர்ந்தே மொத்தச் செலவில் ஏறத்தாழ ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிட்டன. பெண்கள் நலத் திட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மீதி 99 சதவீதத்தை யாரும் கேள்வி கேட்பதேயில்லை என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரிந்தது. சாலை, பாசனம், காவல், மின்சாரம், கடன் தள்ளுபடி, வரிச்சலுகை எல்லாம் அந்த 99 சதவீதத்துக்குள்தான் இருக்கின்றன. நான் இங்கே எழுதப்போவதும் அதைப் பற்றித்தான்.

கேள்வி: அம்மா, நான் ஒரு துறையின் கணக்குப் பிரிவில் அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். வரும் ஆண்டுக்கான பாலின அறிக்கைப் படிவத்தை நிரப்பி அனுப்புமாறு கடிதம் வந்திருக்கிறது. எங்கள் துறையில் பெண்களுக்கென்று தனித் திட்டம் எதுவும் இல்லை. படிவத்தில் என்ன எழுதுவது என்று முன்னவர்களைக் கேட்டால், போன ஆண்டு எழுதியதையே எழுதச் சொல்கிறார்கள். இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று எனக்கு விருப்பம். எங்கிருந்து தொடங்குவது?
– கணக்கு அலுவலர் ஒருவர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது. நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில், அறிக்கை அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள், துறைகளிலிருந்து வந்த படிவங்களை மேசையில் பரப்பி வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 'பெண் பயனாளிகளின் பங்கு' என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை 50, 50, 50 என்றே இருந்தது. கால்வாய் சீரமைப்புக்கும் 50, காவலர் குடியிருப்புக்கும் 50, வாகனக் கொள்முதலுக்கும் 50. படிவத்தை நிரப்பிய எழுத்தரை அழைத்து எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்டேன். "மக்கள்தொகையில் பாதிப் பேர் பெண்கள்தானே, அம்மா" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. துறைக்கான உச்சவரம்பு முடிவாகி, ஒதுக்கீடு முடிவாகி, கோப்பும் கையெழுத்தாகிவிட்ட பிறகு, மூன்று நாள் அவகாசத்தில் ஒரு படிவத்தை அனுப்பி விடை கேட்டால் வேறு என்னதான் எழுத முடியும்?

ஆகவே உங்கள் கேள்விக்கு என் முதல் பதில், இந்தப் படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது என்பதே. இப்போது வந்திருப்பதை உண்மையாக நிரப்புங்கள்; தெரியாத இடத்தில் 'தரவு இல்லை' என்று துணிந்து எழுதுங்கள், ஏனெனில் பொய்யான 50 ஐவிட அது பன்மடங்கு பயனுள்ள செய்தி. அதோடு நிறுத்தாமல், அடுத்த சுழற்சிக்கான வேலையை இன்றே தொடங்குங்கள்.

அந்த வேலைக்குத் தென்னாப்பிரிக்காவில் 1995 இல் தொடங்கிய பெண்கள் பட்ஜெட் முன்முயற்சியிலிருந்து உருவான ஐந்து படிகளை விட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களும் தன்னார்வ அமைப்புகளும் கூடி நடத்திய அந்த முயற்சியில் டெபி பட்லெண்டர் போன்ற ஆய்வாளர்கள் பெரும் பங்காற்றினார்கள். துறை சார்ந்த மக்களின் நிலை என்ன, அரசின் கொள்கை அந்த நிலையை மாற்றுகிறதா, கொள்கைக்கு ஏற்ற பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, ஒதுக்கிய பணம் செலவாகி உரியவரைச் சேர்ந்ததா, இறுதியில் நிலைமை மாறியதா என்ற ஐந்து கேள்விகளை வரிசை மாறாமல் கேட்க வேண்டும். நம் படிவங்கள் பெரும்பாலும் மூன்றாம் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு முடிந்துவிடுகின்றன.

உங்கள் துறை எதுவென்று நீங்கள் எழுதாததால், எல்லாருக்கும் புரியும் ஒரு திட்டத்தைக் கொண்டு விளக்குகிறேன். ஓர் அரசு ஆறு மாதத் தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் பெண்களும் ஆண்களும் சரிபாதி. படிவத்தில் 50 என்று எழுதிவிடலாம் போலிருக்கும். அதே மையத்தின் வருகைப் பதிவேட்டை எடுத்து, சேர்ந்தவர்களில் சான்றிதழ் பெறும்வரை நீடித்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து எந்தப் பெயர்களுக்கு நேரே தொடர்ந்து 'வரவில்லை' என்ற குறி விழுகிறது? அந்தப் பெண்களில் பத்துப் பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், வகுப்பு முடியும் நேரத்துக்கும் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கும் இடையே உள்ள மோதல், இருட்டிய பின் திரும்பும் வழியில் உள்ள அச்சம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை என்று மிகச் சாதாரணமான காரணங்களே வெளிவரும். இதுவே முதற்படி, இதற்கு ஆய்வு நிறுவனம் எதுவும் தேவையில்லை.

பணம் எங்கே மாற வேண்டும் என்பது இதிலிருந்து தானாகவே தெரியும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் இரண்டு பணியாளர்களும், மாலை வகுப்புக்குப் போக்குவரத்தும், வகுப்பு நேரத்தில் ஒரு மாற்றமும் வேண்டும். இவற்றில் முதலிரண்டுக்கு மட்டுமே பணம் தேவை. மூன்றாவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். அந்தப் பணத்தை எந்தக் கணக்குத் தலைப்பின் கீழ் கேட்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெண்கள் நலத் துறையிடம் கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் அறை அந்தப் பயிற்சித் திட்டத்தின் செலவுதான். பயிற்சிக் கருவிகள் வாங்குவதைப்போல அதுவும் அதே தலைப்பின் கீழ், ஆண்டுதோறும் கேட்காமலே வரும் செலவாக நிலைபெற வேண்டும்.

பிறகு அளவுகோல். 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' என்று இருக்கும் வரை யாரும் வருகைப் பதிவேட்டைப் பார்க்க மாட்டார்கள். 'பயிற்சியை முடித்து ஆறு மாதம் கழித்தும் வேலையில் நீடிப்பவர்கள், பெண்–ஆண் வாரியாக' என்று அதை மாற்றி எழுதினால், திட்ட இயக்குநரிலிருந்து மையப் பொறுப்பாளர் வரை எல்லாருடைய கவனமும் அந்த இடத்துக்குத் திரும்பும். என் பணிக்காலத்தில், ஒதுக்கீட்டை உயர்த்தியதால் வந்த மாற்றங்களைவிட அளவுகோலை மாற்றி எழுதியதால் வந்த மாற்றங்களையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் உங்கள் மேசையில் செய்யக்கூடியவை. நிதித் துறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அது நடக்காவிட்டால் உங்கள் உழைப்பு ஓராண்டோடு போய்விடும். பட்ஜெட் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் சுற்றறிக்கையிலேயே இந்தக் கேள்விகள் இடம்பெற வேண்டும். துறைகள் புதிய கோரிக்கைகளை அனுப்பும் அதே படிவத்தில், தொகைக்கு அடுத்த பத்தியாக, 'இதை யார் பயன்படுத்துவார்கள், யார் பயன்படுத்த முடியாமல் போவார்கள், ஏன்' என்று கேட்க வேண்டும். அதன்பின் நிதித் துறை அலுவலர் துறையோடு பேச்சு நடத்தும் மேசையில், மற்றக் கேள்விகளோடு இதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஆஸ்திரியாவில் 2013 முதல் நடைமுறையில் உள்ள முறையைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு செலவினப் பிரிவும் தன் ஆண்டு இலக்குகளாக அதிகபட்சம் ஐந்தையே சொல்ல முடியும்; அவற்றுள் ஒன்றாவது பெண்–ஆண் சமத்துவம் சார்ந்ததாக இருக்க வேண்டும். பெண்கள் துறைக்கு மட்டுமன்றி நிதி அமைச்சகத்துக்கும் அது பொருந்தும். ஐந்தில் ஓர் இடத்தை இதற்கு விட்டாக வேண்டும் என்னும்போது, கடைசி நாளில் 50 என்று எழுதி அனுப்புவது எவருக்கும் கைகொடுக்காது.

கேள்வி: மொத்த ஒதுக்கீட்டில் ஐந்து அல்லது பத்து சதவீதத்தைப் பெண்களுக்கென்று சட்டப்படி ஒதுக்கிவிட்டால் இந்த ஆராய்ச்சிகளெல்லாம் தேவைப்படாது அல்லவா? எங்கள் மன்றத்தில் அப்படி ஒரு தீர்மானம் கொண்டுவர நினைக்கிறேன்.
– உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர்

பதில்: உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன், தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஐந்து சதவீதம் ஒரு பிடிமானம். பிலிப்பைன்ஸ் இந்த வழியைத்தான் 1990களின் நடுவிலேயே எடுத்துக்கொண்டது. அரசு அமைப்புகள் தங்கள் பட்ஜெட்டில் குறைந்தது ஐந்து சதவீதத்தைப் பாலினமும் வளர்ச்சியும் என்ற தலைப்பில் திட்டமிட வேண்டும் என்று விதித்தது. 2009 ஆம் ஆண்டின் பெண்கள் உரிமைச் சாசனச் சட்டத்திலும் அந்த விதி இடம்பெற்றது. அந்த அனுபவம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. பல அமைப்புகள் அந்தத் தொகையை எதற்குச் செலவிடுவது என்று தெரியாமல் பெயரளவிலான நிகழ்ச்சிகளில் கரைத்தன. அதைவிடக் கவலைக்குரியது, ஐந்தைக் கொடுத்தாகிவிட்டது என்ற நிறைவில் மீதி 95 ஐப் பற்றி யாரும் பேசாமல் போனது. பின்னாளில் பெரிய திட்டங்களையும் பாலின நோக்கில் மதிப்பிட்டு, அவற்றின் தரத்துக்கு ஏற்ப ஒரு பங்கை அந்தக் கணக்கில் சேர்க்கும் முறையை அவர்கள் கொண்டுவந்ததற்கு அதுவே காரணம்.

இந்தியாவின் முறை வேறு. 2005–06 முதல் மத்திய பட்ஜெட்டோடு பாலின அறிக்கை வெளியாகிறது. ஒதுக்கீடு முழுவதும் பெண்களுக்கான திட்டங்கள் 'அ' பிரிவிலும், 30 முதல் 99 சதவீதம் வரை பெண்களுக்குச் செல்பவை 'ஆ' பிரிவிலும் வரும். 30 சதவீதத்துக்குக் குறைவானவற்றுக்கென 2024–25 இல் மூன்றாவது பிரிவும் சேர்க்கப்பட்டது. இது வகைப்படுத்தும் அறிக்கை. எவ்வளவு என்று காட்டும், ஏன் என்று காட்டாது. வீட்டுவசதித் திட்டத்தின் தொகை முழுவதையும் 'அ' பிரிவில் சேர்த்ததைப் பொருளியலாளர்கள் பலர் குறைகூறினார்கள். பட்டாவில் பெண்ணின் பெயர் இருப்பது நல்லதுதான், தேவையானதும்கூட. ஆனால் வீட்டில் குடியிருப்பது முழுக் குடும்பம்; அந்தத் தொகை முழுவதையும் பெண்களுக்கானது என்று எழுதினால் மொத்தம் உயரும், பெண்களுக்குக் கூடுதலாக ஒரு காசும் போயிருக்காது.

உங்கள் தீர்மானத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒதுக்கப்படும் பங்கு கீழ்வரம்பே அன்றி மேல்வரம்பு அன்று என்பது ஒன்று. ஆண்டுதோறும் பொதுச் செலவினத்தில் இரண்டு பெரிய இனங்களையாவது பெண் உறுப்பினர்களும் பயனாளிகளும் அடங்கிய குழு முழுமையாக ஆராய்ந்து மன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

கேள்வி: சாலைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் ஆண் என்றும் பெண் என்றும் உண்டா? எல்லாருக்கும் பொதுவான செலவில் இந்தப் பாகுபாட்டை எதற்காக நுழைக்கிறீர்கள்?
– வரி செலுத்தும் வாசகர் ஒருவர்

பதில்: உங்களைப்போல் கேட்டவர்களோடு பேசித்தான் நானும் இதைக் கற்றுக்கொண்டேன், ஆகவே இந்தக் கேள்வியை வரவேற்கிறேன். சாலைக்குப் பாலினம் கிடையாது. அதில் செல்பவர்களின் பயணத்துக்கு உண்டு.

சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்ற நகராட்சி, பனிக்காலத்தில் எந்தப் பாதையை முதலில் துப்புரவு செய்வது என்ற வரிசையை ஆராய்ந்தது. அதுவரை வாகனங்கள் ஓடும் பெரிய சாலைகள் முதலிலும், நடைபாதைகளும் மிதிவண்டிப் பாதைகளும் கடைசியிலும் இருந்தன. இதில் யாரும் பெண்களுக்கு எதிராக எதையும் நினைத்திருக்கவில்லை. ஆனால் காரில் வேலைக்குச் செல்பவர்களில் ஆண்கள் மிகுதி. நடந்தும் பேருந்திலும் செல்பவர்களில், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்பவர்களில் பெண்கள் மிகுதி. உறைபனியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிபவர்களும் பெரும்பாலும் நடந்து செல்பவர்களே. நகராட்சி வரிசையை மாற்றி, நடைபாதைகளையும் சிறார் பள்ளிகளைச் சுற்றியுள்ள வழிகளையும் முன்னே கொண்டுவந்தது. ஆட்கள், எந்திரங்கள், பனி எல்லாம் முன்பிருந்தவையே.

பொதுக் கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபாலருக்கும் ஒரே பரப்பளவு கொடுத்துவிட்டால் நீதி செய்ததாக வரைபடம் போடுபவர் நினைப்பார். அதே பரப்பில் ஆண்கள் பக்கத்தில் கூடுதலான பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியும். பெண்களுக்கோ உடை, மாதவிடாய், உடன் வரும் குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் நேரம் கூடுதலாக ஆகும். ஒரு பக்கம் வரிசை நீண்டு, மறுபக்கம் காலியாக இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வரிசை கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்த நாளிலேயே முடிவாகிவிட்டது.

நீங்கள் பாகுபாடு என்று அஞ்சுவது ஏற்கெனவே செலவுக்குள் இருக்கிறது, ஐயா. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த முறை.

கேள்வி: எங்கள் துறையில் பெண்–ஆண் வாரியான தரவு ஒன்றுமே கிடையாது. தரவு திரட்டிய பிறகு தொடங்கலாம் என்று மேலதிகாரி சொல்கிறார்.
– அரசு ஊழியர் ஒருவர்

பதில்: அப்படிக் காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்திலும் ரசீதிலும் பதிவேட்டிலும் பாலினம் குறிக்க ஒரு கட்டம் சேர்ப்பதற்கு ஆய்வுத் திட்டம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த அச்சடிப்பில் சேர்த்துவிடலாம். கணினி வழி விண்ணப்பமாக இருந்தால் ஒரு நாள் வேலை. அந்தக் கட்டத்தில் திருநருக்கும் இடம் இருக்கட்டும். முடிந்தால் வயது, மாற்றுத்திறன், வசிப்பிடம் ஆகியவற்றையும் சேருங்கள். 'பெண்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மாளிகைப் பெண்ணையும் கூலிப் பெண்ணையும் ஒன்றாக அடைத்துவிட்டால், அந்த எண்ணிக்கையும் நம்மை ஏமாற்றிவிடும். கேட்காமல் விட்டதால்தான் தரவு இல்லாமல் போயிற்று என்பதை உங்கள் மேலதிகாரியிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் செவிலியர். பக்கவாதம் வந்த மாமியாரை மருத்துவமனையிலிருந்து விரைவில் அனுப்பிவிட்டார்கள். படுக்கை குறைவாக இருப்பதாகவும் செலவைக் குறைக்க வேண்டியிருப்பதாகவும் சொன்னார்கள். அன்றிலிருந்து பாதி நாள் விடுப்பில் இருக்கிறேன். அரசின் சிக்கனம் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருக்கிறது. இதை எந்தப் பட்ஜெட்டிலாவது எழுதுகிறார்களா, அம்மா?
– வாசகி ஒருவர்

பதில்: சகோதரி, பெரும்பாலான நாடுகளில் எழுதுவதில்லை. நீங்கள் ஒரு வரியில் சொன்னதைப் பிரிட்டனைச் சேர்ந்த பொருளியலாளர் டயான் எல்சன் தம் ஆய்வுகளில் விரிவாக விளக்கியிருக்கிறார். மருத்துவமனையில் நோயாளி தங்கும் நாள்களைக் குறைத்தால் அரசுக் கணக்கில் அது திறன் மேம்பாடு. அந்த நாள்களின் வேலை மறைந்துவிடுவதில்லை, கூலியில்லாமல் வீட்டுக்கு மாறுகிறது, வீட்டில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் மீது விழுகிறது. அந்தப் பெண் உங்களைப்போல் ஒரு செவிலியராகவும் இருந்துவிட்டால், ஒரு நோயாளிக்காகச் சேமித்த படுக்கைக்குப் பத்து நோயாளிகள் தங்கள் செவிலியரை இழக்கிறார்கள். அந்த இழப்பும் அரசுக்குத்தான். வேறு தலைப்பின் கீழ் வருவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018 இல் வெளியிட்ட அறிக்கை, 64 நாடுகளின் நேரப் பயன்பாட்டுத் தரவுகளைக் கொண்டு, கூலியற்ற பராமரிப்பு வேலைக்கு நாள்தோறும் 1,640 கோடி மணி நேரம் செலவாவதாக மதிப்பிட்டது. 200 கோடிப் பேர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஊதியமின்றி வேலை செய்வதற்கு அது சமம். அதில் 76.2 சதவீதத்தைச் செய்பவர்கள் பெண்கள்.

இதைப் பட்ஜெட்டுக்குள் கொண்டுவரும் கருவி, மக்கள் தங்கள் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டறியும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. ஒரு துறை சிக்கனத் திட்டம் ஒன்றை முன்வைக்கும்போது, மிச்சமாகும் தொகைக்குப் பக்கத்திலேயே வீடுகளுக்கு மாறும் மணி நேரத்தையும் எழுத வேண்டும் என்று விதி செய்யலாம். குடிநீர்க் குழாயை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதன் பயனைக் கணக்கிடும்போதும் அதே மணி நேரம் எதிர்த்திசையில் வரவாகும். குழந்தைகள் காப்பகம், முதியோர் பகல்நேரப் பராமரிப்பு போன்றவற்றை நலச் செலவு என்று ஒதுக்காமல், பாலத்தையும் அணையையும்போல் கட்டமைப்பு என்றே கருத வேண்டும் என்று பெண்ணியப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். நான் அந்தக் கட்சிதான். உங்கள் மாமியார் நலம்பெற விரும்புகிறேன். நீங்களும் சற்று ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செலவைப் பற்றியே எழுதுகிறீர்கள். வரியில் பாலினம் உண்டா?
– வணிகவியல் ஆசிரியர் ஒருவர்

பதில்: உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். மாதவிடாய் அணையாடை மீதான வரி எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு: கென்யா 2004 இல் அதை நீக்கியது, இந்தியா 2018 இல் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு அளித்தது, பிரிட்டனில் 2021 தொடக்கத்தில் மதிப்புக் கூட்டு வரி போயிற்று. இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாதவை இரண்டு உண்டு. கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்து வரி விதிக்கும் நாடுகளில், குறைவாகச் சம்பாதிப்பவரின் முதல் நாணயமே உயர்ந்த விகிதத்தில் வரிக்கு உள்ளாகிறது. அவர் பெரும்பாலும் மனைவி என்பதால், வேலைக்குப் போகாதே என்று வரிச்சட்டமே அவரிடம் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. மற்றொன்று வருமான வரிச்சலுகைகள். வரி கட்டுமளவுக்கு ஊதியமும் சொத்தும் உள்ளவர்களுக்கே அவை பயன்படும். அவர்களில் பெண்கள் குறைவு. சலுகையால் அரசு விட்டுக்கொடுக்கும் வருவாயும் செலவுதான் என்பதால், அதையும் பெண்–ஆண் வாரியாக வெளியிட வேண்டும். உங்கள் மாணவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம்.

கேள்வி: நல்ல அதிகாரி ஒருவர் இருக்கும் வரை இவையெல்லாம் நடக்கின்றன. அவர் மாறிப் போனதும் நின்றுவிடுகின்றன. சட்டம் போட்டால் நிலைக்குமா?
– ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்

பதில்: சட்டம் இல்லாவிட்டால் நிலைக்காது என்று உறுதியாகச் சொல்லலாம். முன்னோடியான ஆஸ்திரேலியாவிலேயே ஆட்சி மாற்றங்களோடு அந்த அறிக்கை சுருங்கி, ஒரு கட்டத்தில் நின்றே போய், 2020 இல்தான் மீண்டும் வந்தது. தென் கொரியா 2006 இல் தேசிய நிதிச் சட்டத்திலேயே இதைச் சேர்த்து, 2010 நிதியாண்டு முதல் நடைமுறைப்படுத்தியது. ஆஸ்திரியா அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதியது. அது 2009 முதல் நடப்பில் உள்ளது. ருவாண்டா, ஐஸ்லாந்து, கனடா ஆகியவையும் சட்டம் இயற்றியிருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது உகாண்டாவின் ஏற்பாடு. அங்கே 2015 ஆம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டப்படி, நிதி அமைச்சர் பட்ஜெட்டை நாடாளுமன்றத்தில் வைக்கும்போது, அது பாலின நீதிக்கும் சமத்துவத்துக்கும் ஏற்ப அமைந்துள்ளது என்ற சான்றிதழையும் சேர்த்து வைக்க வேண்டும். சம வாய்ப்பு ஆணையத்தைக் கலந்தே அந்தச் சான்றிதழை வழங்க முடியும். இதனால் ஒவ்வொரு துறையும் மதிப்பெண் பெறும் தேர்வுபோல் இது ஆகிவிடுகிறது. மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதும் வழக்கம் வந்துவிடாதா என்றால், வரும். அதற்குத்தான் உங்களைப் போன்ற தணிக்கையாளர்கள் வேண்டும்.

தென் கொரியாவிடம் நான் கற்றுக்கொள்ளச் சொல்வது அதையே. அங்கே பட்ஜெட் அறிக்கையோடு வேலை முடிவதில்லை; ஆண்டு முடிந்தபின் பாலின நோக்கிலான தீர்வுக் கணக்கையும் சமர்ப்பிக்க வேண்டும். என்ன செய்வதாகச் சொன்னீர்கள், எதைச் செய்தீர்கள், யார் பயன்பெற்றார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். பெரும்பாலான நாடுகள் முன்மொழிவை மட்டும் வெளியிட்டுவிட்டு இந்தப் பாதியை விட்டுவிடுகின்றன. தணிக்கைத் துறை தன் செயல்திறன் தணிக்கைகளில் பெண்–ஆண் வாரியான பயனை ஒரு வழக்கமான வினாவாக்கிவிட்டால், அடுத்த ஆண்டு 50 என்று எழுத நினைப்பவரின் கை சற்றுத் தயங்கும்.

கேள்வி: நாங்கள் ஐந்தாறு பெண்கள் கூடி, அரசின் பட்ஜெட் ஆவணத்தை நாங்களே படித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தடித்த தொகுதிகளைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எதை முதலில் படிப்பது?
– வாசகிகள் குழு

பதில்: பாலின அறிக்கையின் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம், ஒரு பெரிய திட்டம் உள்ளே வந்தாலோ வெளியே போனாலோ அந்தத் தொகை துள்ளும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, நீங்கள் பயன்படுத்தும் ஒரே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் கணக்குத் தலைப்பைக் கண்டுபிடித்து, மூன்று ஆண்டுகளுக்கான மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு ஆகிய மூன்று எண்களையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். பெண்களுக்கான திட்டங்களில் முதல் எண் பெரிதாகவும், ஆண்டின் நடுவில் திருத்தும்போது சிறிதாகவும், இறுதியில் இன்னும் சிறிதாகவும் ஆவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். செய்தித்தாளில் வருவது முதல் எண் மட்டுமே.

குறைந்திருந்தால், பணம் வரவில்லையா, வந்தும் செலவாகவில்லையா என்று துறையிடம் எழுத்தில் கேளுங்கள். பணியிடம் காலியாக இருந்ததா, தவணை கடைசி மாதத்தில்தான் வந்ததா, விதிமுறை ஒத்துவரவில்லையா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் சுற்றறிக்கை துறைகளுக்குப் போவதற்கு முன்பே உங்கள் மக்கள் பிரதிநிதியைச் சந்தியுங்கள். பட்ஜெட் தாக்கலான மறுநாள் சந்தித்தால் அவர் அனுதாபம் தெரிவிக்கலாம். நான்கைந்து மாதங்களுக்கு முன் சந்தித்தால் துறைச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதலாம். நீங்கள் தயாரிக்கும் அந்த ஒரு தாளை எனக்கும் அனுப்பிவையுங்கள்; கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.